பத்துப் படுக்கை, ஐந்து கிலோ வைக்கோல்

முதல் சுற்றுக் காளானில் ஒரு பாக்கெட்டைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான். "ஏம்மா, கிலோ உனக்கு என்ன விலைக்கு விழுது?" விதைக்கு 225 ரூபாய், வைக்கோலுக்கு 50 ரூபாய் என்று சொல்லிவிட்டு, 2.6 கிலோவால் வகுத்து, "நூறுதான் அக்கா" என்றேன். அன்று இரவு நோட்டை எடுத்து வைத்து முழுதாக எழுதிப் பார்த்தபோது அந்த நூறு 417 ஆகிவிட்டது. வீட்டில் காளான் வளர்க்கத் தொடங்குகிற பலரும் நான் அக்காவிடம் சொன்ன அந்த முதல் கணக்கைத்தான் போடுகிறார்கள். அதனால் இரண்டாவது கணக்கை வரி வரியாக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காவிரிப் படுகையில் இருக்கிறது. சம்பா அறுவடை முடிந்தால் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. வைக்கோல் இருக்கும் ஊரில் தொடங்கச் சரியானது சிப்பிக் காளான். நெல் வைக்கோலில் சிப்பி வகை ஒன்றை வளர்த்துக் காட்டியது மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஆண்டு 1962. அதற்கும் முன்பே, 1943இல், கோயம்புத்தூரில் வைக்கோல் காளானை வளர்க்கும் சோதனை நடந்திருக்கிறது. மொட்டுக் காளானுக்கு மலைக் குளிரும் மக்க வைத்த உரமும் வேண்டும். சிப்பிக்கு வேகவைத்த வைக்கோலும் ஈரக் காற்றும் போதும்.

கணக்கு 10 படுக்கைக்கு. ஒரு படுக்கைக்கு 500 கிராம் காய்ந்த வைக்கோல், ஆக 5 கிலோ. பை 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 300 கிராம் விதைப் பாக்கெட் ஒன்று இரண்டு படுக்கைக்கு, ஆக 5 பாக்கெட். விலை ஊருக்கு ஊர் மாறும். மூன்று சுற்றுக்கும் ஒரே விலையை வைத்தே கணக்கிட்டிருக்கிறேன், அப்போதுதான் சுற்றுகளை ஒப்பிட முடியும்.

வைக்கோல் 5 கிலோ, கிலோ 10 ரூபாய்: 50
விதை 5 பாக்கெட், ஒன்று 45 ரூபாய்: 225
பை 10, ஒன்று 3 ரூபாய்: 30
சமையல் எரிவாயு அரை கிலோ: 32
கிருமிநாசினி, பஞ்சு, ரப்பர் பேண்ட்: 25
மொத்தம்: 362 ரூபாய்

இது சந்தையில் கைமாறும் பணம். ஒருமுறை வாங்கி வைத்த பொருள்கள் தனி: கைத்தெளிப்பான் 250, வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சிறு கருவி 350, சமையலறைத் தராசு 400, உறி கட்டக் கயிறு 150, எட்டுச் சாக்கு 200. கூட்டினால் 1,350 ரூபாய். பத்துச் சுற்றுக்குப் பிரித்தால் சுற்றுக்கு 135. ஆக ஒரு சுற்றின் செலவு 497 ரூபாய். அண்டாவும் அரிவாளும் வீட்டில் இருந்தவை. இல்லாதவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எரிவாயு வரியில் இருக்கும் 32 ரூபாய் குத்துமதிப்பு இல்லை. 50 லிட்டர் அண்டாவில் 35 லிட்டர் தண்ணீர், 2.5 கிலோ வைக்கோல் என்று இரண்டு தடவையாக வேகவைத்தேன். 35 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 7,600 கிலோஜூல் வேண்டும். இரண்டாவது தடவைக்குப் பாதிச் சூடு தண்ணீரிலேயே மிச்சமிருக்கும். இன்னொரு 3,500 போதும். ஒரு கிலோ எரிவாயுவில் 46,000 கிலோஜூல் இருந்தாலும், அடுப்பிலிருந்து அண்டாவுக்குப் போய்ச் சேர்வது அதில் அறுபது சதவீதம் அளவுதான். அப்படிப் பார்த்தால் 400 கிராம். 80 டிகிரியில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைக்க இன்னும் 100 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் 900 ரூபாய் என்றால் அரை கிலோவின் விலை 32 ரூபாய். விறகடுப்பில் இதே வேலைக்கு ஆறு கிலோ விறகு போகும், ஏனென்றால் மூன்று கல் அடுப்பில் பெரும்பங்குச் சூடு காற்றோடு போய்விடுகிறது. ஆனால் கொல்லையில் தென்னை மட்டை குவிந்து கிடக்கும் வீட்டுக்கு அந்த வரியே இல்லை.

வேகவைப்பதற்குப் பதில் மருந்தில் ஊறவைக்கும் முறையும் உண்டு. 100 லிட்டர் தண்ணீருக்கு 125 மி.லி. பார்மலின், 7.5 கிராம் கார்பன்டாசிம். 16 முதல் 18 மணி நேரம். எரிவாயுவைவிட மலிவு. ஆனாலும் குழந்தைகள் நடமாடும் வீட்டுக் கொல்லையில் பார்மலினைத் திறக்க நான் ஒப்பமாட்டேன். 32 ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை.

அடுத்தது தண்ணீர். என் முதல் சுற்றில் கெட்ட மூன்று படுக்கையில் ஒன்றுக்குக் காரணம் இதில்தான் இருக்கிறது. காய்ந்த வைக்கோல் என்று நாம் நிறுப்பதிலும் சுமார் 10 சதவீதம் ஈரம் உண்டு. 500 கிராமில் உண்மையான உலர்பொருள் 450 கிராம். நாலைந்து செ.மீ. துண்டுகளாக நறுக்கி, நாலு மணி நேரம் ஊறவைத்து, வேகவைத்து, வடித்து ஆறவிட்டபின் ஈரம் 65 சதவீதத்தில் நிற்க வேண்டும். அப்போது ஒரு படுக்கைக்கான வைக்கோலின் எடை 1.29 கிலோ. 70 சதவீதமானால் 1.5 கிலோ. 75 ஆனால் 1.8 கிலோ. பிழிந்தால் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும் என்று சொல்வார்கள். அனுபவப்பட்ட கைக்கு அது போதும். புதுக் கைக்குத் தராசுதான் துணை. முதல் சுற்றில் நான் தராசு வைக்கவில்லை. கெட்டுப்போன மூன்றில் ஒன்றை எறியும் முன் தூக்கிப் பார்த்தேன். மற்றவற்றைவிடக் கைக்குத் தெரியும்படி கனமாக இருந்தது, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீர் தேங்கிய இடத்தில் காற்று இருக்காது. காற்றில்லாத இடத்தில் காளான் இழை நிற்கும், புளித்த வாடையோடு பாக்டீரியா ஏறும். இரண்டாம் சுற்றிலிருந்து ஒவ்வொரு படுக்கைக்கும் வைக்கோலை நிறுத்துத்தான் போடுகிறேன். 1.3 கிலோவைத் தாண்டினால் இன்னும் கால் மணி நேரம் நிழலில் பரப்பிவிடுவேன்.

மற்ற இரண்டும் பச்சைப் பூஞ்சையால் போனவை. அந்தச் சுற்றுக்கு வாங்கிய விதை பழசு. ஒருவரிடம் வாங்கினேன், பாக்கெட்டில் தேதி இல்லை, நானும் கேட்கவில்லை. விதை என்பது வேகவைத்துச் சுண்ணத்தூள் கலந்து கிருமி நீக்கிய சோளத்தின் மேல் வளர்ந்த காளான் இழைதான். வெள்ளை வெளேரென்று, உதிர்த்தால் மணி மணியாகப் பிரிந்தால் அது இளம் விதை. மஞ்சள் நீர் கட்டி, பாளம் பாளமாக இறுகியிருந்தால் வேண்டாம். சோளத்தில் எங்காவது பச்சையோ கறுப்போ தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இழை பரவி முடிந்த இரண்டு வாரத்தில் போட்ட விதை நன்றாக ஓடுகிறது. நான் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

விதைதான் பெரிய செலவு, 362இல் 225. அதனால் எல்லோருடைய கையும் முதலில் போவது அங்கேதான். ஒரு பாக்கெட்டை மூன்று படுக்கைக்கு நீட்டினால் என்ன? பத்துப் படுக்கைக்கு நாலு பாக்கெட் போதும், மிச்சம் 45 ரூபாய். ஆனால் விதை குறைந்தால் இழை பரவுவது தாமதமாகும். வைக்கோல் வெறுமையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் பச்சைப் பூஞ்சைக்குக் கிடைத்த நாள். ஒரே ஒரு படுக்கை கெட்டாலும் 450 கிராம் காளான் போச்சு; 200 கிராம் பாக்கெட் 50 ரூபாய் என்ற விலையில் அது 112 ரூபாய். அந்தப் படுக்கையில் போட்ட பொருள் 36 ரூபாய் வேறு. 45 ரூபாயை மிச்சப்படுத்த 148 ரூபாயைப் பணயம் வைக்கிற வியாபாரம் அது. கை பழகி, பத்துக்குப் பத்தும் தேறத் தொடங்கிய பிறகு வேண்டுமானால் விதையைக் குறைத்துப் பார்க்கலாம்.

படுக்கை போடுவதில் எழுத அதிகம் இல்லை. கையையும் மேசையையும் கிருமிநாசினியில் துடைத்துவிட்டு, ஐந்து அடுக்கு வைக்கோல், இடையில் நாலு அடுக்கு விதை. விதையை ஓரம் சுற்றித் தூவி, ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்தி, வாயைக் கட்டி, பக்கத்துக்கு இரண்டாகச் சிறு துளை போட்டுப் பஞ்சை அடைத்தால் முடிந்தது. ஒரு படுக்கைக்கு ஒன்பது நிமிடம். பிறகு 15 முதல் 20 நாள் இருட்டறை; எனக்குப் பெரும்பாலும் 18 நாள். அதற்குள் பை முழுக்க வெண்மை படர்ந்துவிட வேண்டும். பச்சை தெரிந்த பையை அந்த அறையிலேயே பிரிக்காதீர்கள். கட்டியபடியே எடுத்துக்கொண்டுபோய்த் தூரத்தில் புதையுங்கள்.

பையைக் கிழித்தபின் மூன்று, நாலு நாளில் மொட்டு. இங்கே இன்னொரு தண்ணீர்க் கணக்கு உண்டு. காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 450 கிராம் காளான் என்றால் 405 கிராம் தண்ணீர், 45 கிராம் உலர்பொருள். படுக்கை கட்டியபோது வைக்கோலுக்குள் இருந்த தண்ணீர் 840 கிராம். ஆக காளானுக்குள் போகும் தண்ணீர் நாம் மேலே தெளிப்பதிலிருந்து வருவது குறைவு. முன்பே படுக்கைக்குள் அடைத்து வைத்ததுதான் காளானாக எழுகிறது. தெளிப்பது அந்த இருப்பு காற்றில் ஆவியாகிவிடாமல் காப்பதற்கு. இது புரிந்த பிறகு நான் மொட்டின் மேல் பீய்ச்சுவதை விட்டுவிட்டேன். சுற்றியிருக்கும் சாக்கும் தரையும் நனைந்திருந்தால் போதும். ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல், வெப்பம் 25 டிகிரியை ஒட்டி. ஒரு நாளைக்குச் சாக்குக்கு 10 லிட்டர், தெளிப்புக்கு 3 லிட்டர். 25 நாளில் 325 லிட்டர். ஊறவைக்கவும் வேகவைக்கவும் 100 லிட்டர் சேர்த்தால், 4.5 கிலோ காளானுக்கு 425 லிட்டர். கிணறு உள்ள வீட்டில் இது செலவில்லை. லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் எழுத வேண்டிய வரி.

அந்த 45 கிராம் உலர்பொருளையும் கொஞ்சம் பாருங்கள். போட்ட வைக்கோல் 450 கிராம்; காளானாக வந்தது அதில் பத்தில் ஒன்று. மீதியில் ஒரு பங்கை இழை மூச்சாக விட்டுவிட்டது, மற்றது பையில் சக்கையாக நிற்கிறது. இந்த மூச்சுதான் சன்னலைத் திறக்கச் சொல்வதன் காரணம். அறைக் காற்றில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் காம்பு நீண்டு, குடை பொத்தானாகச் சுருங்கிவிடும். ஈரம் போய்விடுமே என்று அறையை இறுக மூடி வைத்த முதல் வாரத்தில் எனக்கு வந்தவை எல்லாம் அப்படிப்பட்ட காம்புகள். இப்போது காலையும் மாலையும் அரை மணி நேரம் திறந்துவிட்டு, உடனே சாக்கை நனைக்கிறேன்.

குடையின் ஓரம் உள்பக்கம் வளைந்திருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் நிமிர்ந்து மேலே சுருண்டால் வித்துத்தூள் கொட்டும். மூடிய அறையில் அந்தத் தூள் இருமலையும் ஒவ்வாமையையும் கொண்டுவரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் படுக்கையறையை ஒட்டிக் காளான் அறை வைக்கவே வேண்டாம். இன்னொன்று: வைக்கோலில் சில நேரம் மெலிந்த காம்போடு கறுத்து உருகும் குடைகள் முளைக்கும். நாம் விதைத்தது இல்லை. பிடுங்கி எறிந்துவிடுங்கள், சமைத்துப் பார்க்காதீர்கள். சிப்பியையும் பச்சையாகத் தின்னக் கூடாது. நன்றாக வேகவைத்த பிறகே தட்டுக்கு வர வேண்டும்.

அறுவடை மூன்று முறை. தேறிய படுக்கையில் முதல் பறிப்பு 225 கிராம், இரண்டாவது 135, மூன்றாவது 90. ஒவ்வொரு பறிப்புக்கும் இடையே எட்டு, பத்து நாள். மூன்றாவது பறிப்புக்காகக் காத்திருப்பது வீணா என்று கேட்டார்கள். பத்துப் படுக்கையில் 900 கிராம், 225 ரூபாய். அதற்கு 10 நாள், நாளுக்குக் கால் மணி நேரம், மொத்தம் இரண்டரை மணி நேர உழைப்பு. வீணில்லை. நாலாவது பறிப்பில் எனக்குப் படுக்கைக்கு 30 கிராம்தான் கிடைத்தது. 300 கிராம், 75 ரூபாய். அதற்கும் அதே இரண்டரை மணி நேரம். அங்கே நிறுத்திவிட்டேன்.

உழைப்பு என்றதும் வீட்டில் சிரிப்பு. "உனக்கு யாரு கூலி தர்றா?" என்றார் அம்மா. யாரும் தருவதில்லை; அதனாலேயே எழுதி வைக்க வேண்டியிருக்கிறது. நறுக்க 1 மணி நேரம், வேகவைக்க 2, ஆறவிட்டு நிறுக்க 1, படுக்கை போட ஒன்றரை, இருட்டறையைப் பார்த்துவர மொத்தமாக அரை மணிக்குச் சற்று மேல், தெளிப்புக்கு ஆறேகால், பறித்துப் பாக்கெட் போட ஒன்றரைக்கு மேல். கூட்டினால் 14 மணி நேரம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26இல் நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42. என் 14 மணி நேரத்துக்கு 588 ரூபாய். வீட்டுப் பெண்ணின் வேலை என்பதால் அதைப் பூஜ்யம் என்று எழுத எனக்கு மனமில்லை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வரலாம். பொருளும் கருவியும் 497, உழைப்பு 588, ஆக 1,085 ரூபாய். முதல் சுற்றில் ஏழு படுக்கை தேறி 2.6 கிலோ கிடைத்தது: உழைப்பில்லாமல் கிலோ 191, உழைப்போடு 417. இரண்டாம் சுற்றில் ஒன்பது தேறி 3.7 கிலோ: 134, 293. மூன்றாம் சுற்றில் பத்தும் தேறி 4.5 கிலோ: 110, 241. விலைவாசி எதுவும் மாறவில்லை, நான் எதையும் மலிவாக வாங்கவில்லை. 417 ரூபாயை 241 ஆக்கியது தராசும், புது விதையும், திறந்த சன்னலும். கடையில் கிலோ 250 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது என்றால், பத்தும் தேறினால் மட்டும் என் கூலி எனக்கு நிற்கிறது. ஒன்று கெட்டாலும் நான் என் பையிலிருந்து போடுகிறேன். ஆகவே பத்துப் படுக்கையை வைத்து வியாபாரம் என்று இறங்குபவரை நான் தடுப்பேன். கடைக்காரர் வாங்கும் விலை பாக்கெட்டில் போட்ட விலையைவிடக் குறைவு என்பதையும் அவர் இதில் கழித்துக்கொள்ள வேண்டும்.

புரதம் மலிவாகக் கிடைக்கும் என்று சொல்லி விற்கிறார்களே, அதையும் கணக்கில் வைத்துப் பார்த்தேன். பச்சைச் சிப்பிக் காளானில் 100 கிராமுக்கு 3.3 கிராம் புரதம். 4.5 கிலோவில் 149 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் என்றால் அது 25 முட்டை. முட்டை 7 ரூபாய் என்றால் 175 ரூபாய். என் காளானுக்கு உழைப்பை விட்டாலே 497. புரதத்துக்காக என்றால் முட்டை வாங்குங்கள். முட்டை சேர்க்காத வீட்டில் பருப்பு இருக்கிறது. காளானை அதன் ருசிக்காக வளருங்கள். பறித்த ஒரு மணி நேரத்தில் மிளகு போட்டு வதக்கிய சிப்பிக்கும், இரண்டு நாள் பாக்கெட்டில் வியர்த்த சிப்பிக்கும் உள்ள தூரம் ரொம்பப் பெரிது.

காலத்தையும் பார்த்துத் தொடங்க வேண்டும். எங்கள் சமவெளியில் கார்த்திகை முதல் மாசி வரை சிப்பிக்கு நல்ல காலம். சித்திரை, வைகாசியில் அறை 35 டிகிரியைத் தொடும்போது சாக்கை எத்தனை முறை நனைத்தாலும் சிப்பி சுணங்கும். அந்த மாதங்களுக்குப் பால் காளான் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையத்திலிருந்து வந்த ஏ.பி.கே. ரகம் 30 முதல் 35 டிகிரியில் வளரும், பறித்தபின் சிப்பியைவிடக் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் இழை பரவிய படுக்கையை இரண்டாக அறுத்து, மேலே இரண்டு செ.மீ. வேகவைத்த மண் போட வேண்டும். அது இன்னொரு வேலை, இன்னொரு அண்டா, இன்னொரு கணக்கு. சிப்பி கைக்கு வந்தபின் போங்கள்.

பத்துப் படுக்கையில் நான் கண்ட இன்னொரு குறை, எல்லாம் ஒரே சமயத்தில் மலர்வது. முதல் பறிப்பில் நாலே நாளில் 2.25 கிலோ. எங்கள் வீட்டில் நாலு பேர். வாரம் இரண்டு முறை, முறைக்கு 250 கிராம் சமைத்தால் அரை கிலோதான் செலவாகும். மீதியைக் கொடுத்தது போக வெயிலில் காயவைத்தேன். ஒரு கிலோ 100 கிராமாகச் சுருங்கியது. ஒரு படுக்கை தருவதும் ஏறக்குறைய அந்த அரை கிலோதான். ஆகவே நாலு பேர் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு விதைப் பாக்கெட், இரண்டு படுக்கை. மூன்று மாதத்தில் மொத்தம் பன்னிரண்டுக்கு மேல் போகாது.

மூன்றாம் சுற்றுக் கணக்கை அக்காவிடம் நோட்டோடு காட்டினேன். 241 என்ற எண்ணில் விரலை வைத்து, "கூலிய எனக்கு நானே குடுத்துக்கணுமாக்கும்" என்றார். பிறகு அவரே கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னார்: விதை 1 பாக்கெட் 45, வைக்கோல் 1 கிலோ 10, பை இரண்டு 6, ஆக 61 ரூபாய். எரிவாயு வரியை அடிக்கச் சொன்னார். அவர் கொல்லையில் தென்னை மட்டை கிடக்கிறது. தராசை மட்டும் வெள்ளிக்கிழமை என்னிடம் வாங்கிக்கொள்கிறார்.